பரோல் போர்டுல முன்னாள் பிராசிக்யூட்டர்கள்: ஓக்லஹோமா, அலபாமா பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கால யாருக்காவது மரண தண்டனை நாள் நெருங்குதுன்னு நியூஸ் வந்தா நடுவுல ஒரு வரி கண்டிப்பா இருக்கும், "பரோல் போர்டு 3-2ன்னு ஓட்டு போட்டுச்சு", இல்லாட்டி "2-2 ஆயிடுச்சு, கருணை மனு தள்ளுபடி". யாருப்பா இந்த ஆளுங்க, இவங்களுக்கு யார் இந்த அதிகாரத்த குடுத்தான்னு நியூஸ்ல சொல்ல மாட்டாங்க. இவங்கள்ல பல பேர் முன்னாடி பிராசிக்யூட்டரா, அதாவது அரசு தரப்பு வக்கீலா இருந்து ஆளுங்கள ஜெயிலுக்கு அனுப்பினவங்க. அது சரியா தப்பான்னு வர்ற கேள்விங்கள இங்க ஒன்னா போட்டிருக்கேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, அதனால ஓக்லஹோமாவையும் அலபாமாவையும் தான் விரிவா பாக்கறோம்.

பரோல்னா நம்ம ஊர்ல கல்யாணம் காட்சிக்கு வெளிய விடுவாங்களே, அதுவா?

இல்ல. நம்ம பேப்பர்ல பரோல்னு வந்தா கொஞ்ச நாள் லீவு, போய்ட்டு திரும்ப ஜெயிலுக்கு வந்துரணும். அமெரிக்கால பரோல்னா தண்டனை முடியறதுக்கு முன்னாடியே வெளிய விட்டுருவாங்க, மிச்ச காலத்த ஒரு ஆபீசர் கண்காணிப்புல ஊர்ல இருந்து கழிக்கணும், நடுவுல எதாவது வம்பு பண்ணா மறுபடி உள்ள.

ஓக்லஹோமால பரோல், தண்டனைக் குறைப்பு, முழு மன்னிப்பு எல்லாத்தையும் ஒரே போர்டு தான் பாக்குது. வன்முறை இல்லாத கேஸ்ல பரோல் குடுக்கறத போர்டே முடிவு பண்ணிடலாம், 2012ல மக்கள் ஓட்டெடுப்புல வந்த மாற்றம் அது, அதுக்கு முன்னாடி எல்லா ஃபைலும் கவர்னர் (அங்க கவர்னர்னா தேர்தல்ல ஜெயிச்சு வர்றவர், நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி) டேபிளுக்கு போகும். வன்முறைக் கேஸ்னா இன்னும் கவர்னருக்கு சிபாரிசு தான் பண்ண முடியும். மரண தண்டனைல தான் முக்கியமான விஷயம் இருக்கு: போர்டு மெஜாரிட்டியா சிபாரிசு பண்ணாத வரைக்கும் கவர்னரே நெனச்சாலும் தண்டனைய குறைக்க முடியாது. அதிகபட்சம் 60 நாள் தள்ளிப் போடலாம், அவ்ளோதான். இத மனசுல வச்சுக்கங்க, கீழ தேவைப்படும்.

போர்டு மெம்பர்கள யார் நியமிக்கறாங்க?

ஓக்லஹோமால மொத்தம் 5 பேர். 3 பேர் கவர்னர் ஆளு, ஒருத்தர மாநில சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி போடுவார், இன்னொருத்தர கிரிமினல் அப்பீல் கோர்ட்டோட தலைமை நீதிபதி போடுவார் (அந்த மாநிலத்துல கிரிமினல் கேஸுக்குன்னே தனி உச்ச கோர்ட் இருக்கு). அலபாமால 3 பேர் தான், எல்லாம் கவர்னர் நியமனம். ஜார்ஜியால 5 பேர், 7 வருஷ பதவி, கவர்னர் போட்டு செனட் ஒத்துக்கணும்.

அதுக்கு ஏன் பிராசிக்யூட்டர தேடிப் பிடிச்சு போடறாங்க?

ரெண்டு காரணம். ஒன்னு, நியாயமானது: கேஸ் கட்ட படிக்கத் தெரியும், சாட்சி சொன்னதுல எது தேறும் எது தேறாதுன்னு தெரியும், போலீஸ் ரிப்போர்ட்ல எதெல்லாம் விட்டுப் போகும்னு தெரியும்.

ரெண்டாவது அரசியல். பரோல்ல விட்ட ஆள் வெளிய வந்து கொலை பண்ணிட்டா அது டிவில ஒரு மாசம் ஓடும், கவர்னர் பேர் நாறிடும். விட்டிருந்தா ஒழுங்கா இருந்திருப்பான்னு ஒரு ஆள 15 வருஷம் கூடுதலா உள்ள வச்சா அது எந்த நியூஸ்லயும் வராது. அப்படி இருக்கப்ப கவர்னர் யார போடுவார்? "நான் கறாரான ஆளத்தான் போட்டேன்"னு நாளைக்கு காமிக்கறதுக்கு முன்னாள் டிஏ ரொம்ப வசதி. டிஏன்னா டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, நம்ம ஊர் பப்ளிக் பிராசிக்யூட்டர் மாதிரி கவர்மெண்ட் நியமிக்கற ஆள் இல்ல, பெரும்பாலான மாநிலத்துல தேர்தல்ல நின்னு ஜெயிச்சு வர்ற பதவி, அதனால அவங்களும் பாதி அரசியல்வாதி தான்.

கிளாசிப் கேஸ்னு அடிக்கடி சொல்றாங்களே, அதுல என்ன நடந்துச்சு?

இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மொத்த பிரச்சனையும் இந்த ஒரே கேஸ்ல இருக்கு.

1997 ஜனவரில ஓக்லஹோமா சிட்டில ஒரு மோட்டல் ஓனர பேஸ்பால் மட்டையால அடிச்சு கொன்னுட்டாங்க. அடிச்சது அங்க எடுபிடி வேலை பாத்த ஜஸ்டின் ஸ்னீட்ங்கற பையன், அவனே ஒத்துக்கிட்டான். ஆனா "மேனேஜர் ரிச்சர்ட் கிளாசிப் தான் பணம் தர்றேன்னு சொல்லி செய்ய வச்சார்"னு சாட்சி சொன்னான், பதிலுக்கு அவனுக்கு மரண தண்டனை இல்லாம ஆயுள். கிளாசிப்புக்கு 1998ல மரண தண்டனை, அப்பீல்ல அது உடைஞ்சுது, 2004ல மறு விசாரணை நடந்து மறுபடி மரண தண்டனை. கிளாசிப் கொலைக்கு சொல்லி வச்சார்ங்கறதுக்கு ஸ்னீட் பேச்சு தான் முதுகெலும்பு.

அந்த விசாரணைல ஸ்னீட்கிட்ட மருந்து பத்தி கேட்டப்ப, ஜலதோஷத்துக்கு மாத்திரை கேட்டேன், எதுக்கோ லித்தியம் குடுத்துட்டாங்க, மனநல டாக்டர் யாரையும் நான் பாத்ததே இல்லன்னு ஜூரி முன்னாடி சொன்னான். லித்தியம் மூட் வியாதிக்கு குடுக்கற மருந்து, ஜலதோஷத்துக்கு யாரும் குடுக்க மாட்டாங்க. 2023 ஜனவரில, அதாவது கிட்டத்தட்ட 20 வருஷம் கழிச்சு, அரசு தரப்பு அதுவரைக்கும் குடுக்காம வச்சிருந்த ஒரு பெட்டி ஃபைல கிளாசிப் வக்கீல்கள்கிட்ட குடுத்தாங்க. உள்ள பிராசிக்யூட்டர் கையால எழுதின குறிப்பு, ஸ்னீட்ட விசாரணைக்கு முன்னாடி பாத்து பேசினப்ப எழுதினது, அதுல லித்தியம்னு ஒரு கேள்விக்குறி, பக்கத்துல "டாக்டர் டிரம்பெட்"னு ஒரு பேர். ஜெயில்ல அப்ப வேலை பாத்த மனநல டாக்டரோட பேர் டிராம்ப்கா. காதுல விழுந்தத தப்பா எழுதிக்கிட்டாங்க, ஆனா விஷயம் தெரிஞ்சிருக்கு. சாட்சி கூண்டுல பொய் சொன்னப்ப யாரும் திருத்தல.

மாநிலத்தோட அட்டர்னி ஜெனரல் (அரசோட தலைமை வக்கீல்) ஜென்ட்னர் டிரம்மண்ட் இதப் பாத்துட்டு, இந்த தீர்ப்பு நிக்காதுன்னு அவரே கோர்ட்ல சொன்னார். கிரிமினல் அப்பீல் கோர்ட் கேக்கல. அப்புறம் 2023 ஏப்ரல் 26, பரோல் போர்டுல கருணை மனு ஹியரிங். டிரம்மண்ட் நேர்ல போய் உக்காந்து, இந்த ஆளுக்கு கருணை காட்டுங்கன்னு கேட்டார். வழக்கமா அந்த எடத்துல அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்காரங்க "குடுக்காதீங்க"ன்னு பேசத்தான் வருவாங்க.

இருக்க வேண்டியது 5 பேர். அதுல ரிச்சர்ட் ஸ்மதர்மன் முன்னாள் டிஏ, பொட்டவாட்டமி, லிங்கன் ரெண்டு கவுண்டிக்கும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) டிஏவா இருந்தவர். 2004 விசாரணைய அரசு தரப்புல நடத்தின லீட் பிராசிக்யூட்டர் அவரோட மனைவி. அதனால அவர் ஓட்டு போடாம விலகிக்கிட்டார். மிச்சம் 4 பேர், 2-2. மெஜாரிட்டி இல்ல, மனு தள்ளுபடி.

விலகினது நேர்மையான காரியம் தானே? அதுல என்ன குத்தம்?

அவர் விலகினதுல ஒரு குத்தமும் இல்ல, விலகாம இருந்திருந்தா தான் அசிங்கம். குத்தம் கணக்குல இருக்கு. 5 பேர்ல மெஜாரிட்டி 3, ஒருத்தர் விலகினாலும் அந்த 3 குறையறதில்ல, விலகினவருக்கு பதிலா வேற ஆளும் வர்றதில்ல. அப்ப "நான் இதுல கலந்துக்க மாட்டேன்"னு ஒருத்தர் எழுந்து போனா, கைதியோட பக்கத்துல இருந்து பாத்தா அது "வேண்டாம்"னு போட்ட ஓட்டு தான். மனைவி நடத்துன கேஸுங்கறதால ஒதுங்கினவரோட காலி நாற்காலி, மனைவி வாங்கின தண்டனைக்கு சாதகமா வேலை செஞ்சுது. யாரும் திட்டம் போட்டு பண்ணது இல்ல. சட்டமே அப்படித்தான் இருக்கு. இதுக்கு மாத்து ஆள், தற்காலிக மெம்பர்னு எதாவது ஒரு வழி வச்சிருக்கலாம், கோர்ட்ல நீதிபதி விலகினா இன்னொருத்தர போடறது உலகம் பூரா நடக்கறது தானே.

பிராசிக்யூட்டரா இருந்தவங்கள நிறைய சேர்த்தா இந்த மாதிரி விலகல் கண்டிப்பா வரும்ங்கறதும் யோசிக்க வேண்டிய விஷயம், ஏன்னா சின்ன மாநிலம், வக்கீல் வட்டாரம் சின்னது, அங்க ஒருத்தருக்கு ஒருத்தர் கூட வேலை பாத்தவங்களா இருப்பாங்க, இல்ல சொந்தக்காரங்களா இருப்பாங்க.

அப்ப சார்புன்னு யார் மேலயாவது கேஸ் போட்டதுண்டா?

உண்டு, ஆனா நீங்க நெனைக்கற திசைல இல்ல.

ஜூலியஸ் ஜோன்ஸ் கேஸ் 2021ல பெருசா பேசப்பட்டுச்சு. 1999ல எட்மண்ட்ங்கற ஊர்ல ஒரு பிஸினஸ்மேன காருக்காக சுட்டுக் கொன்னதா அவருக்கு 2002ல மரண தண்டனை. நான் பண்ணலன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தவர். போர்டுல அப்ப ஆடம் லக், கெல்லி டாயில்னு ரெண்டு பேர். லக் வீடில்லாதவங்களுக்கு உதவற அமைப்ப நடத்தினவர், டாயில் ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்களுக்கு வேலை வாங்கித் தர்ற அமைப்புல பொறுப்புல இருந்தவங்க. ஓக்லஹோமா கவுண்டியோட அப்போதைய டிஏ டேவிட் பிரேட்டர், இவங்க ரெண்டு பேரும் கைதிங்க பக்கம் சாய்வாங்க, ஜோன்ஸ் கேஸ்ல ஓட்டு போடக் கூடாதுன்னு மாநில சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். கோர்ட் ஒத்துக்கல.

2021 நவம்பர் 1 ஹியரிங்ல 3-1, தண்டனைய குறைக்கலாம்னு சிபாரிசு. எதிர்த்து விழுந்த அந்த ஒரே ஓட்டு ஸ்மதர்மனோடது. (ஸ்காட் வில்லியம்ஸ்னு இன்னொரு மெம்பர் ஜோன்ஸ் தரப்பு வக்கீல் ஒருத்தர தெரியும்னு சொல்லி விலகிட்டார், அதனால இங்கயும் 4 பேர் தான்.) நவம்பர் 18, மரண ஊசி போட சில மணி நேரம் இருக்கறப்ப கவர்னர் கெவின் ஸ்டிட் அத ஆயுள் தண்டனையா மாத்தினார், பரோலே கிடையாதுங்கற கண்டிஷனோட.

எனக்கு இதுல உறுத்தறது என்னன்னா, ஜெயில்ல இருந்து வந்தவங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்தவங்களுக்கு "சார்பு"ன்னு பேர், அதே ஆளுங்கள ஜெயிலுக்கு அனுப்பறத தொழிலா வச்சிருந்தவருக்கு "அனுபவம்"னு பேர். ரெண்டுமே ஒரு வாழ்க்கைல இருந்து வர்ற பார்வை தான். ஒன்ன மட்டும் கோர்ட்டு வரைக்கும் இழுத்தாங்க, இன்னொன்ன பதவிக்கான தகுதியா எழுதிக்கிட்டாங்க.

அடுத்த வருஷமே ரெண்டு பேரும் போர்டுல இருந்து போயிட்டாங்க. மரண தண்டனை விஷயத்துல ஒத்துப் போகலன்னு கவர்னர் கேட்டுக்கிட்டதால லக் 2022 ஜனவரில ராஜினாமா பண்ணார், அவர் எடத்துக்கு ஒரு ஓய்வு பெற்ற பிஷப் வந்தார். கேத்தி ஸ்டாக்கர்ங்கற இன்னொரு முன்னாள் டிஏவும் 2022ல உள்ள வந்தாங்க. ஆக கிளாசிப் ஹியரிங் வர்றப்ப 5க்கு 2 முன்னாள் டிஏ.

போர்டு "குறைங்க"ன்னு சொன்னா கவர்னர் கேட்டே ஆகணுமா?

கேக்க வேணாம். ஜோன்ஸுக்கு கேட்டார். அதே வருஷம் பிக்ளர் ஸ்டௌஃபர், 2022ல ஜேம்ஸ் காடிங்டன், 2023ல ஃபிலிப் ஹான்காக், 2024ல இம்மானுவேல் லிட்டில்ஜான், இத்தன பேருக்கும் போர்டு 3-2ன்னு சிபாரிசு பண்ணியும் ஸ்டிட் மறுத்துட்டார், எல்லாருக்கும் தண்டனை நிறைவேத்திட்டாங்க. 2025 நவம்பர்ல ட்ரிமேன் வுட்டுக்கு மறுபடி 3-2, அவருக்கு மட்டும் கடைசி நேரத்துல ஆயுளா மாத்தினார்.

ஒன்னு கவனிங்க, முன்னாள் டிஏக்கள் உள்ள இருந்தும் இந்த போர்டு திரும்பத் திரும்ப 3-2ன்னு கருணை பக்கம் போயிருக்கு. அதனால "பிராசிக்யூட்டர் வந்தா கதை முடிஞ்சுது"ன்னு சொல்றது ஓக்லஹோமாவுக்கு பொருந்தாது. ஆனா எல்லாமே ஒத்த ஓட்டு வித்தியாசம், ஒரு நாற்காலி காலியானா கிளாசிப்புக்கு நடந்தது தான் நடக்கும்.

அலபாமால நெலமை மோசம்னு சொல்றாங்களே?

மோசம் தான். அங்க பிரச்சனை மரண தண்டனைல இல்ல, தினசரி பரோல்ல.

2018ல ஜிம்மி ஸ்பென்சர்ங்கற ஆள், பரோல்ல வெளிய வந்து கொஞ்ச மாசத்துல கண்டர்ஸ்வில்ங்கற ஊர்ல 3 பேர கொன்னுட்டான், அதுல ஒன்னு 7 வயசு பையன். ஊரே கொதிச்சுது, கொதிக்கத்தான் செய்யும். 2019ல சட்டத்த மாத்தினாங்க, போர்டு நிர்வாகம் கவர்னர் கைக்கு போச்சு, மெம்பர்ல ஒருத்தராவது போலீஸ் மாதிரி சட்ட ஒழுங்கு வேலைல 10 வருஷம் இருந்தவரா இருக்கணும்னு எழுதினாங்க. அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல பிராசிக்யூட்டரா இருந்த லீ க்வாத்னி தலைவரா வந்தாங்க.

அதுக்கப்புறம் நம்பர பாருங்க. 2017 வாக்குல பரோல் கேட்டவங்கள்ல பாதிக்கு மேல கெடைச்சுது. 2023ல சுமார் 8 சதவீதம். போர்டுக்குன்னு சொந்தமா ஒரு மார்க் ஷீட் இருக்கு, குத்தம் எவ்ளோ பெருசு, ஜெயில்ல நடத்தை எப்படி, என்ன படிச்சான், மறுபடி தப்பு பண்ற ஆபத்து எவ்ளோன்னு போட்டு கூட்டினா விடலாமா வேணாமான்னு ஒரு பதில் வரும். அந்த மார்க் ஷீட் பெரும்பாலானவங்கள விடலாம்னு தான் சொல்லுது, போர்டு விடல, ஏன்னா அது வெறும் ஆலோசனை, கட்டாயம் இல்ல.

ஹியரிங் எப்படி நடக்கும்னு தெரிஞ்சா இன்னும் புரியும். தலைநகர் மான்ட்கோமரில ஒரு ரூம், 3 மெம்பர், ஒரே நாள்ல வரிசையா நிறைய கேஸ். யாரப் பத்தி முடிவு பண்றாங்களோ அந்த ஆள் அங்க இருக்க மாட்டான், அலபாமால கைதிய கூப்பிடறதே இல்ல, வீடியோல கூட இல்ல. அம்மாவோ அக்காவோ வந்து அவனுக்காக ரெண்டு வார்த்தை பேசுவாங்க, வசதி இருந்தா ஒரு வக்கீல். எதிர்ல பாதிக்கப்பட்ட குடும்பம், அவங்க கூட அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் "விடாதீங்க"ன்னு பேச. அந்த ஆபீஸ்ல தான் தலைவரும் முன்னாடி இருந்தாங்க. மறுத்துட்டா அடுத்த ஹியரிங்குக்கு 5 வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரும்.

இதுல இன்னொரு கூத்து, பரோல் குடுத்தா ஊருக்கு ஆபத்துன்னு மறுக்கப்பட்ட கைதிங்கள அதே மாநிலம் பகல்ல பர்கர் கடைக்கும் ஃபேக்டரிக்கும் வேலைக்கு அனுப்புது, சாயங்காலம் திரும்ப ஜெயில். சம்பளத்துல ஒரு பங்கு அரசு எடுத்துக்கும். இதுக்கு எதிரா வழக்கும் போட்டிருக்காங்க. பர்கர் சுத்தித் தர்றப்ப இல்லாத ஆபத்து வீட்டுக்குப் போறப்ப மட்டும் எங்க இருந்து வருதோ.

சட்டமன்றத்துல கேள்வி மேல கேள்வி வந்ததும் விகிதம் கொஞ்சம் ஏறிச்சு. 2025ல க்வாத்னி பதவிக்காலம் முடிஞ்சதும் கவர்னர் கே ஐவி வேற ஒருத்தர தலைவராக்கினாங்க.

அலபாமால விகிதம் விழுந்ததுக்கு ஒரு முன்னாள் பிராசிக்யூட்டர் தான் காரணம்னு சொல்லிடலாமா?

அவ்ளோ சுலபமா சொல்ல முடியாது. 3 பேர்ல ஒருத்தர் தான் அவங்க, மத்த ரெண்டு பேரும் கூட தான் மறுத்தாங்க. பயம் ஏற்கனவே ஊர்ல இருந்துச்சு, சட்டமும் அந்த பயத்துல தான் எழுதினது. ஆனா தொழில் பழக்கம்னு ஒன்னு இருக்கே. பிராசிக்யூட்டர் வேலைல கேக்கற கேள்வி "இவன் என்ன பண்ணான்". பரோல் போர்டு கேக்க வேண்டிய கேள்வி "இவன் இப்ப எப்படி இருக்கான்". என்ன பண்ணான்ங்கறது 25 வருஷத்துக்கு முன்னாடியே தீர்ப்பாயிடுச்சு, அது இனி மாறப் போறதில்ல. அதையே மறுபடி மறுபடி விசாரிச்சா அந்த மனுஷன் ஜெயில்ல என்ன படிச்சாலும் எப்படி நடந்துக்கிட்டாலும் பதில் அதே தான்.

ஜார்ஜியா?

அங்க கருணை மனுல போர்டு தான் கடைசி வார்த்தை, கவர்னருக்கு பங்கே இல்ல. 2011ல டிராய் டேவிஸ் மனுவ செப்டம்பர் 20 மறுத்தாங்க, மறுநாளே தண்டனை. யார் எப்படி ஓட்டு போட்டாங்கன்னு வெளிய சொல்ல மாட்டாங்க, அது ரகசியம்னு சட்டமே இருக்கு. ஓக்லஹோமால ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் ஓட்டு கேப்பாங்க, அதனால தான் அங்க யார் என்ன பண்ணான்னு இவ்ளோ தூரம் நம்மளால பேச முடியுது.

கோர்ட்ல போய் "இந்த மெம்பர் வேணாம்"னு கேக்க முடியாதா?

கேக்கலாம், பலன் கம்மி. 1979லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பரோல்ங்கறது தானா வர்ற உரிமை இல்லன்னு சொல்லிடுச்சு. 1998ல ஒஹையோ கேஸ் ஒன்னுல கருணை மனுவுக்கு கொறஞ்சபட்ச நியாயம் வேணும்னு நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினாங்க, எவ்ளோ கொறஞ்சபட்சம்னா, காச சுண்டிப் போட்டு முடிவு பண்ணா கோர்ட் தலையிடலாம்ங்கற அளவுக்கு.

நீதிபதிகளுக்கு மட்டும் விதி கறார். பென்சில்வேனியால ஒருத்தர் டிஏவா இருந்தப்ப மரண தண்டனை கேக்க அனுமதி குடுத்துட்டு, அப்புறம் மாநில தலைமை நீதிபதியா அதே கேஸ்ல உக்காந்தார், 2016ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அந்த கறார்த்தனம் பரோல் போர்டு வரைக்கும் இன்னும் வரல.

பாதிக்கப்பட்ட குடும்பத்த பத்தி யாருமே பேசறதில்லையே?

பேசணும். கிளாசிப் ஹியரிங்லயும் ஜோன்ஸ் ஹியரிங்லயும் கொலையானவங்க குடும்பம் வந்து, இருபது வருஷத்துக்கு மேல ஒவ்வொரு தேதிக்கும் இத திரும்பத் திரும்ப அனுபவிக்கறோம்னு சொன்னாங்க, கருணை வேணாம்னு தான் கேட்டாங்க. அவங்க அப்படி கேக்கறதுல எந்த தப்பும் இல்ல. ஆனா அவங்களுக்கு பேச ஹியரிங்ல நேரம் இருக்கு, அரசு வக்கீலும் இருக்காங்க. தீர்ப்பு சொல்ற நாற்காலிலயும் அதே தரப்பு ஆள் இருந்தா தான் நியாயம்னு இல்லையே.

அப்ப முன்னாள் பிராசிக்யூட்டரே வரக் கூடாதுங்கறீங்களா?

இல்ல. கிளாசிப் கேஸையே எடுங்க, தீர்ப்பு நிக்காதுன்னு 2023ல ரிப்போர்ட் எழுதினது ரெக்ஸ் டங்கன்னு ஒரு முன்னாள் டிஏ தான், டிரம்மண்ட் தனியா நியமிச்சு ஃபைல முழுசா பாக்கச் சொன்னார். அந்த அனுபவம் இருந்ததால தான் எங்க ஓட்டைன்னு அவருக்கு தெரிஞ்சுது. போர்டுல ஒருத்தர் அப்படி இருந்தா லாபம் தான். 5ல 2, 3ன்னு போறப்ப தான் எனக்கு உதைக்குது, அதுவும் மறுபக்கத்துல கைதிங்களுக்காக வாதாடின வக்கீலோ, மனநல வேலை பாத்தவரோ, உள்ள இருந்துட்டு வந்து ஒழுங்கா வாழற ஒருத்தரோ இல்லாதப்ப.

லக், டாயில் இருந்த அதே போர்டு 2019 நவம்பர் 1ல 527 பேருக்கு ஒரே நாள்ல தண்டனைக் குறைப்பு சிபாரிசு பண்ணுச்சு, சின்ன அளவு போதைப் பொருள் வச்சிருந்தது மாதிரி கேஸுங்க, 2016ல மக்கள் ஓட்டு போட்டு அதையெல்லாம் சின்ன குத்தமா மாத்திட்டாங்க, உள்ள இருந்தவங்க தான் பழைய தண்டனையிலயே மாட்டிக்கிட்டு இருந்தாங்க. நவம்பர் 4 அன்னைக்கு 462 பேர் வெளிய நடந்து வந்தாங்க. அமெரிக்க வரலாத்துலயே ஒரே நாள்ல இவ்ளோ பேருக்கு குறைச்சது அதுவரைக்கும் இல்ல. போர்டுல எந்த மாதிரி ஆளுங்க இருக்காங்கங்கறது இதுக்குத்தான் முக்கியம்.

ஜனாதிபதி குடுக்கற மன்னிப்புலயும் இதே கதையா?

அங்க இன்னும் வேடிக்கை. மன்னிப்பு மனுவ படிச்சு சிபாரிசு பண்ற ஆபீஸ் நீதித்துறை அமைச்சகத்துக்குள்ளயே இருக்கு, அதாவது கேஸ் போட்டு உள்ள தள்ளின அதே டிபார்ட்மெண்ட். அத வெளிய எடுங்கன்னு ரொம்ப காலமா கேக்கறாங்க. அத சுத்திக்கிட்டு நேரா ஜனாதிபதி காதுல போடறவங்க கதை தனி.

கிளாசிப் என்ன ஆனார்?

2-2க்கு அப்புறம் 2023 மே மாசமே தண்டனை நாள். அதுக்கு சில நாள் முன்னாடி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு. 2025 பிப்ரவரி 25ல தீர்ப்பு, எழுதினவங்க நீதிபதி சோட்டோமேயர்: சாட்சி சொன்னது பொய்னு தெரிஞ்சும் அரசு தரப்பு திருத்தல, புதுசா விசாரிங்க. அங்கயும் ஒரு நீதிபதி விலகல் உண்டு, கோர்சச் கலந்துக்கல, ஆனா அந்த காலி நாற்காலிய யாரும் எதிர் ஓட்டா எண்ணல. 2025 ஜூன்ல டிரம்மண்ட், கொலைக் கேஸ மறுபடி நடத்துவோம், மரண தண்டனை மட்டும் கேக்க மாட்டோம்னு அறிவிச்சார்.